இடது பக்கக் கண்ணாடி ஆடிய காலை

எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிற ஆள் நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலையை விட்டுவிட்டு பெங்களூர் ஜீவனஹள்ளிக்கு வந்து, ஒரு பழைய வேன் வாங்கி ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வேனில்தான் நான் கியர் போடப் பழகினேன். அது அடிக்கடி படுத்துவிடும் என்பதால் நட்டு முடுக்கவும் சேர்த்தே பழகினேன்.

என் கணவர் வீடு வேறு மாதிரி. தலைமுறை தலைமுறையாகப் பெங்களூர்க்காரர்கள், தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். அந்த வீட்டு ஆண்கள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர்கள். இவர் கொஞ்சம் இறங்கி வந்து முன்சீட்டில், எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்தார். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவரை அவர் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு நான் என் கம்பெனிக்குப் போவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டுவது எனக்குப் பிடிக்கும். சில்க் போர்டு நெரிசலில்கூட எனக்குக் கோபம் வராது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வலது முழங்காலில் ஜவ்வு லேசாகக் கிழிந்திருப்பது தெரிந்தது. ஆபரேஷனை அவசரமாகச் செய்யத் தேவையில்லை, ஆனால் செய்தபிறகு சில வாரம் பிரேக்கை மிதிக்கக் கூடாது என்றார் டாக்டர். டாக்ஸி வைத்துக்கொண்டால் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாப்பிடும்போது இவர், "நான் லைசென்ஸ் எடுக்கறேன்" என்றார்.

ஐம்பதைத் தாண்டியவர். டிரைவிங் ஸ்கூலில் கூட இருந்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள். கூச்சப்படாமல் போய் வந்தார். சாயங்காலங்களில் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் என் காரை எடுத்துத் தனியாகப் பழகுவார். நான் கூட வருகிறேன் என்றால், "நீ பக்கத்துல இருந்தா எனக்கு எதுவும் வராது" என்பார். விட்டுவிட்டேன்.

டெஸ்ட் நாள் வந்தது. எல் போர்டு வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டுமல்லவா, அதனால் அன்றைக்கு அவர் ஓட்ட, நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். என் சொந்தக் காரில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் போனதுமே இடது பக்கக் கண்ணாடி நடுங்குவதைக் கண்டேன். பின்னால் வந்த லாரி அதில் இரண்டு லாரியாகத் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஒரு பெரிய ஹம்ப் வந்தது. இவர் அதில் கொஞ்சம் வேகமாகவே ஏறி இறங்கினார். கண்ணாடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. லாரி போய், ரோட்டோரத்து மண் மட்டும் அதில் ஓடியது.

"இன்னா ஆச்சு பாருங்க" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ. இப்படியே போனா வண்டிய உள்ளயே விட மாட்டாங்க. இன்னொரு நாள் தேதி வாங்கிக்கலாமா?"

குரலில் வருத்தம் இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதி இருந்தது.

"ஓரமா நிறுத்துங்க. சின்ன வேலைதான்."

"சர்வீஸ் சென்டர்ல குடுத்தா..."

"முழுசா மாத்தணும்னுவாங்க. மொதல்ல உள்ள பாத்துடுவோம்."

இன்னும் திறக்காத ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினார். டிக்கியிலிருந்து என் டூல் பையை எடுத்து வரச் சொன்னேன். வேலை என்னவென்று எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடி வெளியே இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் கதவுக்கு உள்பக்கம், ஜன்னல் முனையில் இருக்கும் முக்கோண மூடிக்குப் பின்னால் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியில் துப்பட்டாவைச் சுற்றி மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினேன். டப்பென்று கழன்று வந்தது. மூன்று போல்ட்டுகள் தெரிந்தன. கீழே இரண்டில் நட்டு இருந்தது, விரலாலேயே சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. மேலே இருந்ததில் நட்டே இல்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் கண்ணாடியைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டால்தான் உள்ளே இன்னொருவர் முடுக்க முடியும். இவர் டெஸ்டுக்காகப் போட்டிருந்த இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு பிளாட்பாரத்தில் குனிந்து நின்று, இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தாங்கினார். ஜன்னலை இறக்கியிருந்ததால் அவர் முகம் என் முகத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தது.

"கொஞ்சம் தூக்குங்க. இன்னும். போதும், அங்கயே புடிங்க."

பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்து இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினேன். ஒன்றை மட்டும் ஒரேயடியாக இறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

"நட்டு தானா கழண்டு போவாது. எவனோ ஆட்டோக்காரன் இடிச்சிட்டுப் போயிருக்கான்" என்றேன்.

அவர் மெதுவாக, "ஆட்டோ இல்ல" என்றார்.

"பின்ன?"

"நம்ம பேஸ்மென்ட் தூண். ரிவர்ஸ் பழகறப்போ."

நான் ஸ்பேனரை நிறுத்தினேன்.

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை. ரெண்டாவது நேத்து சாயங்காலம்."

"அதே தூணா?"

"அதே தூண்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "நீ ஒரு கீறல் போடாம வெச்சிருக்கற வண்டி. எப்படிச் சொல்றது? கையால அழுத்திப் பாத்தேன், நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்."

"கண்ணாடின்னா இடிபடத்தான் செய்யும். அதுக்குத்தான் மடங்கற மாதிரி வெச்சிருக்கான். புடிங்க, கைய விடாதீங்க."

டூல் பையில் ஒரு பழைய மாத்திரை டப்பா உண்டு. உதிரி நட்டுகளை அதில் போட்டு வைப்பேன். அதில் முதலில் எடுத்தது சின்னதாக இருந்தது. அடுத்தது கச்சிதமாக ஏறியது. மூன்றையும் முடுக்கிவிட்டு, "இப்ப விடுங்க" என்றேன். விட்டார். நான் வெளியே கைநீட்டி நன்றாக ஆட்டிப் பார்த்தேன். கார்தான் லேசாக அசைந்தது, கண்ணாடி அசையவில்லை. மூடியை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன், உட்கார்ந்துகொண்டது.

அவரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொல்லி, நான் இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் தெரியறேனா?"

"இடுப்பு வரைக்கும் தெரியுது."

"பின் டயர்?"

"தெரியல. என்னிக்குமே தெரிஞ்சதில்ல."

எனக்குப் புரியவில்லை. டயர் தெரியாமல் எப்படி ரிவர்ஸில் நிறுத்திப் பழகினார்? போய்க் கேட்டேன்.

"நீ செட் பண்ணி வெச்சிருக்கற கண்ணாடி. நான் எதுக்குக் கலைக்கணும்? உனக்குக் காலைல அவசரமா இருக்கும்."

என்னைவிட ஒரு சாண் உயரமான மனுஷர், இத்தனை வாரமும் என் கண் உயரத்துக்கு வைத்த கண்ணாடிகளில் பார்த்துப் பழகியிருக்கிறார். அந்தத் தூணை அவர் இரண்டு தடவை இடித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இரண்டே தடவைதான் இடித்தார் என்பதுதான் ஆச்சரியம்.

"ஓட்டறது யாரு?" என்று கேட்டேன்.

"நான்."

"அப்ப கண்ணாடி உங்களுக்குத் தெரியணும். திருப்புங்க. எல்லாத்தையும் திருப்புங்க."

தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகத் திருப்பினார். டயரும் அதன் பக்கத்தில் ரோட்டின் வெள்ளைக் கோடும் இடது கண்ணாடியில் வந்தபோது, "ஓ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு டெஸ்ட் தளம் வரைக்கும் அவர் ஓட்டியது வேறு மாதிரி இருந்தது. தோள் இறங்கியிருந்தது.

அங்கே இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வண்டியையும் சுற்றி வந்து பார்த்தார். லைட் போடச் சொன்னார், ஹார்ன் அடிக்கச் சொன்னார். எங்கள் இடது கண்ணாடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். நான் தூரத்திலிருந்து பதற்றமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடாது என்று எனக்குத் தெரியும்.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எட்டு போட்டார். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழைந்து ஓரம் தொடாமல் நிறுத்தினார். பிறகு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிட்டது. அதோடு ஃபெயில்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே வந்தார். "ஏத்தத்துல கோட்ட விட்டுட்டேன். ஆனா பார்க்கிங் பாத்தியா?"

"பாத்தேன்."

"டயர் தெரிஞ்சுது" என்றார்.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் பேஸ்மென்ட் சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு எடுத்துப் பழகினார். இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் தடவை போய் பாஸ் செய்தார்.

என் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது அவர்தான். காலைப் பட்டை போட்டுக் கட்டியிருந்ததால் பின்சீட்டில் நீட்டி உட்கார்ந்தேன். மேம்பாலம் ஏறும்வரை, கியரை மாற்றுங்கள், இண்டிகேட்டர் போடுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தது ஞாபகம் இருக்கிறது. டோல் அருகே கன்னடத்தில் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை. ஓடுகிற காரில் தூங்குவது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கேட் திறக்கிற சத்தம் கேட்டுக் கண் விழித்தபோது வீடு வந்திருந்தது.