சித்திக்கு நான் நடத்திய இங்கிலீஷ் வகுப்பு

என் ஒன்பதாவது வயதில் நான் ஒருத்திக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவில் அப்போது யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னதே நான்தான்.

வேலை தேவைப்பட்டது சித்திக்கு, அம்மாவின் தங்கைக்கு. கோலார் தங்கவயலிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகியும் ஒன்றும் அமையவில்லை. போன இடத்தில் இங்கிலீஷில் ஒரு கேள்வி கேட்டால் போதும், அவள் வாய் கட்டிக்கொள்ளும். ஊரில் தாத்தா அதற்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டார். தவக்காலத்தில் மாதா கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மட்டும் சித்தி தப்பித்திருந்தாள். ஈஸ்டருக்குள் வேலை கிடைத்தால் பெங்களூரில் இருக்கலாம், இல்லையென்றால் வந்து தாலி கட்டிக்கொள் என்று தாத்தா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். சித்தி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் போய்விட்டால் எனக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்று நானும் அழுதேன்.

அப்போதுதான் அல்சூரில் ஒரு பல் டாக்டரம்மா வரவேற்பில் உட்கார ஆள் தேடுவது தெரிந்தது. இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். எந்தப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் எந்தச் சின்ன வார்த்தை வரும் என்று பள்ளியில் அந்த மாதம் ஒரு பட்டியலை உருப்போட வைத்துக்கொண்டிருந்தார்கள். ‘ரீசன்’ என்றால் ‘ஃபார்’, ‘ஆன்சர்’ என்றால் ‘டு’, ‘இன்ட்ரஸ்ட்’ என்றால் ‘இன்’. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெரும்பகுதி அதுதான். அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதி, கையில் அடிஸ்கேலுடன் வகுப்பைத் தொடங்கினேன்.

“இன்ட்ரஸ்ட் ஆன்,” என்றாள் சித்தி.

“தப்பு!”

“ஏன்டி தப்பு? வேலை மேலதானே ஆசை? மேலன்னா ஆன்தானே?”

“ஏன்னெல்லாம் கேக்கக் கூடாது. பத்து வாட்டி எழுது.”

“எதுக்கு எது ஜோடின்னு எவனோ முடிவு பண்ணிடுறான், எங்கப்பா மாதிரியே,” என்று முனகிக்கொண்டே எழுதினாள். முனகியதற்கு ஸ்கேலால் ஒன்று போட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா, “மூக்கைச் சிந்தத் தெரியல, இதுல டீச்சரம்மா வேற,” என்று சிரிப்பாள். நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஈஸ்டருக்கு ஆறே நாள் இருக்கும்போது, குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் நேர்காணல். அன்று பள்ளியில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலம் தெருமுனையில் என்னைப் பார்த்ததும் சித்தி ஓடிவந்து, அத்தனை பேர் பார்க்க என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

“கெடச்சிடுச்சு டீச்சர்!”

வீட்டில் அம்மாவிடம் விவரமாகச் சொன்னாள். “இங்கிலீஷ்ல ஒரே ஒரு கேள்விதான்க்கா. ஐ ஹேவ் இன்ட்ரஸ்ட் இன் திஸ் ஒர்க்னு டக்குனு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அந்தம்மா கன்னடத்துக்கே வந்துட்டாங்க. ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமான்னாங்க. வராதுன்னேன். நாளெயிந்த பன்னின்னுட்டாங்க.” நாளையிலிருந்து வரச் சொன்னதை மட்டும் தெருவுக்குச் சொன்னேன். கன்னடம் பேசிய பகுதி அவ்வளவு முக்கியமாக எனக்குப் படவில்லை.

அம்மா உடனே தாத்தாவுக்குப் போன் போட்டாள். “கல்யாணம் இப்ப வேணாம்பா. அவ வேலைக்குப் போறா,” என்றாள். தாத்தாவிடம் அம்மா அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சித்தி வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சித்தி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் பாயில் உட்கார்ந்தாள்.

“அவளுக்குச் சொல்லிக் குடுத்தத எனக்கும் சொல்லிக் குடேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “உனக்கு எதுக்கும்மா? நீ எந்த வேலைக்குப் போகப் போறே?”

அம்மாவும் சிரித்தாள். “சும்மாதான்டி கேட்டேன்,” என்று எழுந்து சோறு வெந்ததா என்று பார்க்கப் போனாள். நான் சாக்பீஸைப் பெட்டியில் போட்டுவிட்டு விளையாட ஓடினேன்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயது. அது எவ்வளவு சின்ன வயது என்று, நானும் அதைத் தாண்டியபிறகுதான் எனக்குத் தெரிந்தது.