சாயத் தண்ணீரை அளக்கப் பருப்போடு போடிமெட்டுக்கு

போடிமெட்டுக்குப் போகிறவர்கள் குளிருக்குப் போவார்கள், ஏலக்காய் வாங்கப் போவார்கள். நானும் என் வீட்டுக்காரி பேச்சியம்மாளும் துவரம்பருப்பு வேக வைக்கப் போனோம். எண்பதுகளின் நடுவில், மழை ஓய்ந்த ஒரு மார்கழி மாதம். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தால் ஆறிப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசிங்காபுரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. போடிமெட்டு மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அந்தக் கிணற்றுக்கு ஊற்று. ஓடைக்கரையில், எங்களுக்கு மேற்கே, தண்ணீர் வரும் பக்கம், லுங்கி நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்று வந்தது. திங்கட்கிழமை ஓடை சிவப்பாக ஓடும், வியாழக்கிழமை நீலமாக ஓடும். முதலில் நாங்களே வேடிக்கை பார்த்தோம். அந்தப் பட்டறை லுங்கியை மலிவாகக் கிடைத்ததென்று இரண்டு வாங்கிக் கட்டியவனும் நான்தான். பிறகு வெங்காயப் பாத்தியில் உப்புப் பூத்தது. தென்னங்கன்று நுனி கருகியது. பிள்ளைகள் குளித்தால் தலையில் சோப்பு நுரைக்காது.

பட்டறைக்காரர் இரண்டாவது தொட்டி கட்ட அனுமதி கேட்டார். கொடுக்கக் கூடாதென்று ஊரே மனுக் கொடுத்தோம். விசாரணையில் அவர் சொன்ன பதில்: "தண்ணி மலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வருது. எஸ்டேட்டுல உரம் போடுறாங்க, மருந்து அடிக்கிறாங்க. என்னை ஏன் கேக்குறீங்க?" அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "மேலே தண்ணி நல்லா இருக்கு, பட்டறைக்குக் கீழேதான் கெட்டுப்போகுதுன்னு உங்களால காட்ட முடியுமா? அடுத்த வாரம் வாங்க."

எட்டாம் வகுப்போடு நின்றவன் எதை வைத்துக் காட்டுவது? பேச்சியம்மாள்தான் வழி சொன்னாள். "உப்புத் தண்ணில பருப்பு வேகாது. மேல ஒரு தடவை, பட்டறைக்கு முன்னால ஒரு தடவை, பின்னால ஒரு தடவை வேக வைப்போம். கண்ணுள்ளவுக பாக்கட்டும்."

காலை ஆறு மணி பஸ்சில் போடிநாயக்கனூர். ஒரு கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இன்னொரு கையில் அலுமினியச் சட்டி. கண்டக்டர் எங்களைக் குடிபெயர்ந்து போகிறவர்கள் என்றே நினைத்தார். போடியில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பில் ஆளுக்கு ஐந்து ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வளைவுக்கு வளைவு என் குடல் இடம் மாறியது. மூன்றாவது வளைவில் நான் தலையை வெளியே நீட்டினேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "அண்ணே, அளக்க வேண்டியது தண்ணியத்தான். ரோட்டை இல்ல."

மெட்டில் பாறையிடுக்கிலிருந்து வரும் ஊற்றுப் பக்கம் ஸ்டவ்வைப் பற்ற வைத்தோம். எஸ்டேட் வேலைக்குப் போகிற பெண்கள் நின்று சிரித்தார்கள். ஒருத்தி, செல்லத்தாயி என்று பெயர், "ஏக்கா, யாருக்கு வளைகாப்பு?" என்றாள்.

பருப்பு வெந்தது. வெந்தது என்றா சொல்வது? கூழாகிவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். டீ குடித்துவிட்டு வந்த டிரைவர் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "என்னக்கா, சவக்காரத்துல வேக வச்சீகளா?"

பேச்சியம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் இருந்த சுருக்குப் பையைப் பார்த்தாள். "ஐயோ, சோடா போட்டுட்டேன். கை பாட்டுக்குப் போட்ருச்சு."

ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் எந்தத் தண்ணீரிலும் பருப்பு வெந்துவிடும். எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் போடுகிறார்கள். அதுதான் சமையல் என்று இருந்துவிட்டோம். என் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்டவ்வுக்குக் காற்றடித்தவன், எனக்கும் தெரியவில்லை.

நான் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். "கல்யாணமாகி வந்தப்ப நான் சோடா போட்டதில்ல," என்றாள். "பட்டறை வந்த பொறவுதான். என் கையையும்ல மாத்திப்புட்டான் அந்தாளு."

நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் செல்லத்தாயி சிரிப்பதை விட்டுவிட்டாள். நாங்கள் கொண்டுபோன பருப்பு மூன்று தடவைக்குத்தான். அவள் எஸ்டேட் லயத்திலிருந்த தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு ஆழாக்குப் பருப்புக் கொண்டுவந்தாள். காசு நீட்டினேன். "வெரசா வேக வையிங்கண்ணே, எங்க தண்ணிய அந்தாளு குத்தம் சொல்லுறதா?" என்றாள். சட்டியைக் கழுவி, வெறும் தண்ணீரில் போட்டோம். பூவாக மலர்ந்தது.

மதியம் அதே ஜீப்பில் இறங்கி, அடிவாரத்தில் பட்டறைக்கு மேலே ஓடைத் தண்ணீரில் வைத்தோம். கொஞ்சம் கூடுதல் நேரம், ஆனால் வெந்தது. பட்டறைக்குக் கீழே போனபோது நாலு மணி. அன்றைய நிறம் பச்சை. மண்ணெண்ணெய் தீரும் வரை கொதித்தது. பருப்பு கூழாங்கல் மாதிரி கிடந்தது. பட்டறைக் காவலாளி வந்து பார்த்துவிட்டு, "இங்கயா அடுப்பு வைக்கிறது? நாங்களே குடிக்கத் தண்ணி போடியிலருந்து கொண்டாறோம்," என்றார். அவர் எங்களுக்காகப் பரிதாபப்பட்டுத்தான் சொன்னார்.

மறுநாளே மூன்று தூக்குவாளியோடு அலுவலகம் போனோம். அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார். "சமையல் போட்டிக்கா வந்தீங்க? பருப்பை வச்செல்லாம் அளக்க முடியாதும்மா."

"அப்ப அளக்கிறத நீங்க கொண்டாங்கய்யா," என்றாள் பேச்சியம்மாள். "என்னைக்கு வர்றீக?"

அவர் அன்றே தேதி குறித்தார். எங்களிடம் சொன்ன தேதியைப் பட்டறைக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரிகள் தண்ணீர் பிடிக்கப் பாட்டில்களோடு வந்த அன்று பட்டறைக்கு விடுமுறை. முதல் நாளே தொட்டியைக் கழுவிவிட்டார்கள். ஓடை கண்ணாடி மாதிரி ஓடியது. குறை ஏதும் இல்லை என்று முடிவு வந்தது. இரண்டாவது தொட்டியும் வந்தது. வெங்காயத்தை விட்டோம், பிறகு கிணற்றையும் விட்டோம். ஒரு லுங்கிக்கு நான் கொடுத்த விலையில் அந்தக் கிணறு சேர்த்தி இல்லை.

உங்கள் ஊரிலும் துணிப் பட்டறை இருந்து, நீங்களும் இப்படிக் கிளம்பினால் சில விஷயங்கள். ஜீப்பில் ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். பருப்பை ஒரே கடையில், ஒரே மூட்டையில் வாங்குங்கள், இல்லாவிட்டால் பருப்பு பழசு என்பார்கள். மலை மேலே குளிரில் வேக நேரமாகும், மண்ணெண்ணெய் கூடுதலாக எடுங்கள். பட்டறை ஓடுகிற நாளில் போங்கள். அளக்க வருகிறவர்கள் தேதி குறித்தால், அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னாலேயே அவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம்.