வாலண்டைன் வந்துவிடுவார்

உலு திராமில் எங்கள் தேவாலயத்தில் பூசை முடிந்து காரில் ஏறும்போது, "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க லா!" என்போம். யாரும் வரமாட்டார்கள். அது விடைபெறும் முறை, அவ்வளவுதான்.

மெர்சிங்கில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் வேலை செய்து, ஓய்வுக்குப்பின் இங்கே குடியேறிய வாலண்டைனுக்கு மட்டும் இது விளங்கவில்லை. நான் சொன்ன மறுநாளே மனைவி செசிலியாவோடு, முழுத் தர்ப்பூசணி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்துவிட்டார். நான் நைட்டியில் நின்றேன். வீட்டில் ஒரு முட்டைகூட இல்லை.

"நீதானேம்மா கூப்பிட்ட, ஜாக்லின்?"

அடுத்த வாரம், எங்களோடு பூசைக்கு வரும் டாரிலின் வீட்டுக்குப் போய் நின்றார். அவன் தலையில் பாதி டை அடித்திருந்தான். அதன்பிறகு பூசை முடிந்தால் எல்லாரும் வாயைத் திறக்காமல் காருக்கு ஓடினோம்.

போன மாதம் அவரே எங்களை மறித்து, "சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க, ஆட்டுக்கறி சமைக்கிறேன்" என்றார். "கண்டிப்பா வரோம் அங்கிள்!" என்றோம். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"கறி ஆறுதும்மா. ஒருத்தரையும் காணோம். எங்க இருக்கீங்க?"

"கிட்ட வந்துட்டோம் அங்கிள்!" என்றேன், நைட்டியில், சோபாவில் படுத்தபடி.

"அப்படியா? நான் கேட்டுக்கு வெளியே வந்து நிக்கிறேன்."

உச்சி வெயில். அந்த மனிதர் சொன்னால் நின்றுவிடுவார். பாழாய்ப்போன கார்ச் சாவியைத் தேடி ஓடினேன்.