விட்டுக்கொடுக்காத சதுரங்கப் பெட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கும் என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்த பிறகு, காப்பிக் கடையில் அவரோடு சதுரங்கம் ஆடும் சிநேகிதர்கள் வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் நடிக்கத் தெரியாத ஆட்கள். அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். கடைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கைப்பேசியில் ஆடச் சொன்னேன்.

"தப்பா ஆடினா அதுவே வழி சொல்லிக் கொடுக்குது. இதுவும் பாவம் பாக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவருக்கென்று இருந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான்.

முன்பு அவரிடம் ஒரு சதுரங்கக் கணினி இருந்தது. காயை எடுக்கும் கட்டத்தையும் வைக்கும் கட்டத்தையும் அழுத்தினால் பதில் ஆடும் பெட்டி. அது பழுதாகி வெகுகாலம் ஆகிறது. புதியது ஒன்று கிள்ளானில் ஒரு கடையில் கிடைத்தது. கடைக்காரர் பிரித்துக் காட்டியதும் எனக்கு எரிச்சல். அதே கட்டங்கள், அதே சிவப்பு விளக்கு, ஒரு காய் நகர்த்த அதே நீண்ட யோசனை.

"என் போன் எத்தனை தடவ மாறிடுச்சு. இது மட்டும் ஏன் பாஸ் இப்படியே இருக்கு?"

"பொட்டிதான்லா புதுசு, அக்கா. உள்ள புரோகிராம் பழசு. வேகமான சிப் எவ்வளவோ வந்துடுச்சு, இதுல போட மாட்டாங்க. வாங்கறதே நாலு பேரு. அவங்களுக்காக யாரு உக்காந்து புதுசா எழுதுவா?"

முணுமுணுத்துக்கொண்டே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வலது கையால் குதிரையை நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்தபோதும் காத்திருந்தார்.

"பாவம், யோசிக்குது" என்றார்.

குனிந்து பார்த்தேன். குதிரை கிளம்பிய கட்டத்தில் விளக்கு இன்னும் அணையவில்லை. போய்ச் சேர்ந்த கட்டத்தை அவர் விரல் சரியாக அழுத்தவில்லை. அவர் அதற்காகக் காத்திருந்தார், அது அவருக்காகக் காத்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு, அழுத்த விரலை நீட்டினேன்.

"தொடாத."

வலது கையின்மேல் இடது கையை வைத்து அவரே அழுத்தினார். பெட்டி கீச்சென்றது. ஆட்டம் நகர்ந்தது.

சாயங்காலம் அண்ணன் தோற்றுப் போனார். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, எனக்காக விட்டுக்கொடுக்கல."

"பாத்தேண்ணே."

"அடுத்த வாரம் வரப்ப பேட்டரி வாங்கிட்டு வா. நெறைய வாங்கு."