தாங்கி நிறையப் பெற்றோல்

தம்பியின் காரில் ஒரு நைட்ரஸ் போத்தல் இருந்தது. அதன் வால்வைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. அதை வாங்கப் போவதாக அவன் சொன்ன நாளிலேயே நான் போட்ட நிபந்தனை அது. கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூஷன் கொடுக்கிறவள் நான். வாயு, அழுத்தம், வெப்பம் எல்லாம் எனக்குச் சோறு போடுகிற விஷயங்கள். தம்பி கணினி வேலை செய்கிறவன், கெட்டிக்காரன். கார் என்று வந்தால் மட்டும் மூளையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போவான்.

அது டர்போ பூட்டிய பழைய ஜப்பான் கார். எஞ்சினை ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியிருந்தான். டர்போ இருக்கும்போது இன்னொரு சாமான் எதற்கு என்று கேட்டேன்.

"டர்போ கொஞ்சம் யோசிச்சுத்தான் எழும்பும் அக்கா. இது அந்த இடைவெளியை நிரப்பும்."

நைட்ரஸ் எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எரியாது. எஞ்சினின் சூட்டில் உடைந்து ஒட்சிசனைக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒட்சிசன் கூடினால் பெற்றோலும் கூட வேண்டும், அதுவும் தரமான பெற்றோலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே தானாக வெடித்து, பிஸ்டனை உடைக்கும் அல்லது உருக்கும். டர்போ ஏற்கெனவே காற்றைத் திணித்துக்கொண்டிருக்கிற எஞ்சினில் சின்னப் பிழைக்குக்கூட மன்னிப்பில்லை. இதை நான் அவனுக்குச் சொன்னபோது வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பையன் மாதிரித் தலையாட்டினான்.

வேலையைச் செய்தவர் கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கிற ஒருவர். என் வயதுதான் இருக்கும். போத்தலை டிக்கிக்குள் இரும்புப் பட்டி போட்டு இறுக்கினார். வெயிலில் அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு அடைப்பு உடைந்தால் வாயு காருக்குள் வராமல் வெளியே போக, அடித்தட்டைத் துளைத்து ஒரு குழாய் விட்டார். பொறி விழுகிற நேரத்தைப் பிந்த வைத்தார். டர்போவின் அழுத்தத்தைக் குறைத்தார். அக்சிலேட்டரை முழுதாக மிதித்து, எஞ்சினும் வேகம் பிடித்த பிறகுதான் நைட்ரஸ் போகும்படி சுவிட்ச் வைத்தார். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து விடைத்தாள் திருத்தியபடி ஒவ்வொன்றையும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மிஸ், நீங்க பேப்பர் திருத்துறீங்களா, என்னையத் திருத்துறீங்களா?" என்றார்.

இரண்டும்தான் என்றேன். சிரித்தார். கடைசியில் நான் கேட்டபடி வால்வின் பிடிக்கு மேல் ஒரு இரும்பு மூடி செய்து, பூட்டும் போட்டு, திறப்பை என் கையில் தந்தார். தெருவில் ஓடும்போது வால்வு மூடியே இருக்க வேண்டும். தம்பிக்கும் ஒன்று சொன்னார்: ஒக்டேன் தொண்ணூற்றைந்து என்கிற தரம் கூடின பெற்றோலில், முன்கூட்டி வெடிக்காமல் இருக்கத் தான் தருகிற மருந்தையும் கலந்துதான் ஓட வேண்டும். வேறு பெற்றோல் பட்டால் போத்தலைத் தொடவே கூடாது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் மூவரும் காலி வீதி என்கிற பெருந்தெருவுக்குக் கீழே, கடல் பக்கத்துத் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம், ஒரு பின்னேரம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. தொடர்மாடியின் கீழே கார்கள் நிறைய நின்றன. ஒன்றிலும் பெற்றோல் இல்லை. தொலைபேசியில் கேட்ட இடமெல்லாம் வருகிறோம் என்றார்கள். அப்பா பொறுக்க மாட்டாமல் சாரத்தோடு காலி வீதிக்கு ஓடினார். யாரையோ கெஞ்சி ஒரு முச்சக்கர வண்டியைக் கூட்டிக்கொண்டு அவர் வந்தபோது அது தேவைப்படவில்லை. நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தாலும் பலன் இருந்திராது என்று டொக்டர் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டார். நம்பவில்லை. நானும் முழுதாக நம்பவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டுக் கார் எதிலும் பெற்றோல் முள் பாதிக்குக் கீழே இறங்க அப்பா விட்டதில்லை. வரிசைகள் போய், பெற்றோல் செட்டுகளில் காற்று வாங்குகிற காலம் வந்த பிறகும் அப்படித்தான். என் காரை நான் வகுப்பில் இருக்கும்போது எடுத்துப் போய் நிரப்பி வைப்பார். வீட்டுக்கு வந்தவர்கள் எழும்பினால், "வீடு போய்ச் சேரப் பெற்றோல் காணுமோ?" என்று படி வரை போய்க் கேட்பார். சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சில நாட்களில் எரிச்சல்தான் வரும்.

கொழும்புக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுபாதையில் கார்ப் போட்டி. போன முறை தம்பி ஒரு முழத்தில் தோற்றிருந்தான். இந்த முறை வென்றே தீருவேன் என்று அலுவலக நண்பர்களையும் கூப்பிட்டிருந்தான். முதல் நாள் பின்னேரம் வரை கார் கொட்டாஞ்சேனையில் கடைசிச் சோதனைக்கு நின்றது. கராஜிலிருந்து கொண்டுவந்து விட்டபோது நான் வகுப்பில், தம்பி அலுவலகத்தில். கார்த் திறப்பை அப்பா வாங்கி வைத்தார். காலையில் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காயும் அவரே வைத்தார். தம்பி நசித்துக்கொண்டு போனான். நான் என் காரில் பின்னால் போனேன்.

எங்கள் முறை வருவதற்குச் சற்று முன், வால்வு மூடியின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் முட்களை ஒவ்வொன்றாகப் பார்க்கக் காருக்குள் குனிந்தேன். பெற்றோல் முள் உச்சிக்குக் கிட்ட நின்றது. ஓட்டத்துக்கு வருகிற கார் பாரம் குறைய வேண்டும் என்று அளவாகத்தான் பெற்றோல் வைத்திருக்கும்.

"என்னடா, தாங்கி நிறைய இருக்கு?"

"கராஜில அடிச்சு விட்டிருப்பினம்."

ஓட்டத்துக்கு வந்திருந்த கராஜ்காரர் பக்கத்தில்தான் நின்றார். "நான் அடிக்கல்லயே. கால் தாங்கிதான் மருந்து போட்டு அனுப்பினேன்."

மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. இருந்தும் நான் அப்பாவுக்குக் கோல் எடுத்தேன்.

"ஓம் பிள்ளை, நான்தான் அடிச்சனான். முள்ளு கீழ கிடந்தது. இவ்வளவு தூரம் போறியள்."

"எந்தப் பெற்றோல் அப்பா?"

"வழமையா அடிக்கிறதுதான். ஏன், காணாதோ?"

காணும் என்று சொல்லிவிட்டு வைத்தேன். அப்பா வழமையாக அடிப்பது தொண்ணூற்றிரண்டு, சாதாரணப் பெற்றோல். தாங்கியில் முக்கால்வாசி இப்போது அதுதான். இறக்கிவிட்டு ஊற்றுவதற்கு அங்கே வேறு பெற்றோலும் இல்லை, நேரமும் இல்லை. போத்தலைப் பூட்டியபடி விட்டு, டர்போவை இன்னும் குறைத்தால் ஓடலாம், வெல்ல ஏலாது என்றார் கராஜ்காரர்.

"ஒருக்கா அக்கா. ஒரே ஒருக்கா. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"எஞ்சின் முடியிறதுக்கும் அவ்வளவு நேரம்தான் எடுக்கும். அந்த வேகத்தில எண்ணெய் சிந்திச் சில்லுக்கடியில போனா நீயும் முடிஞ்சாய்."

"திறப்பைத் தாங்கோ."

கையை நீட்டியபடி நின்றான். நான் கொடுக்கவில்லை. நண்பர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் முகம் கறுத்தது.

"அந்தாளுக்கு விசர். அம்மா செத்ததுக்கு என்ர எஞ்சினோ கணக்குத் தீர்க்கிறது?"

அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. அதே எரிச்சல் எனக்குள்ளும் பல தடவை வந்து போனதுதான். அதனால் இன்னும் கோபம் வந்தது. திறப்பைக் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்தேன். கராஜ்காரர் டர்போவைக் குறைத்துக் கொடுத்தார். தம்பி ஓடினான். பக்கத்துக் கார் பாதி வழியிலேயே அவனை முந்திக்கொண்டு போனது. ஒருவரும் கை தட்டவில்லை.

திரும்பி வரும்போது அவன் எனக்கு முன்னால் போய்விட்டான். வெள்ளவத்தை வரைக்கும் எனக்கு ஒரே பயம்தான்: ஓடுபாதையில் சொன்னதை வீட்டிலும் சொன்னால் அப்பா தாங்க மாட்டார். காரை நிறுத்திவிட்டு, லிப்டுக்குக் காத்திராமல் படியில் ஏறினேன்.

கதவு திறந்து கிடந்தது. தம்பி குனிந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்பா அவனுக்கு முன்னால் நின்றார். வென்றானா, தோற்றானா என்று அவர் கேட்கவில்லை.

"போய் வரக் காணுமா இருந்ததோ?"

தம்பி குனிந்தபடியே மற்றச் சப்பாத்தையும் கழற்றி ஓரமாக வைத்தான்.

"காணும் அப்பா. மிச்சமும் கிடக்கு."

வழமையாகக் கார்த் திறப்பைத் தன் அறைக்குக் கொண்டுபோகிறவன், அன்று அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.