பள்ளி மைக்கில் சொன்ன வெயில்

கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் சொன்னது வேலைக்காக. அது முழுப் பொய்யும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, ஒலுவில் கரையில் மீன் பெட்டி ஏற்றுகிற வேலை, பிறகு கட்டாரில் ஒரு கந்தோரை, அதாவது அலுவலகத்தை, கூட்டித் துடைக்கிற வேலை என்று ஓர் இடத்திலும் இரண்டு வருடம் தரிக்காமல் திரிந்தேன். கட்டாரில் அந்தக் கந்தோரில் இருந்த மலையாளி ஒருவர் வியாழக்கிழமைகளில் என்னைப் பக்கத்தில் இருத்தி, கம்ப்யூட்டரைத் திறக்கவும் மூடவும் ஈமெயில் பார்க்கவும் காட்டித் தந்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

சுனாமியில் கடல் வந்த கையோடு ஊருக்குத் திரும்பினேன். உம்மாவின் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. உம்மா அன்று நிந்தவூரில், பெருந்தெருவுக்கு மேற்கே சாச்சி வீட்டில் இருந்ததால் தப்பினார். மூன்று வருடம் நிவாரணச் சாமான் இறக்கும் லொறிகளோடு அலைந்தேன். அப்படி அலைந்தபோதுதான் இந்த வேலை கிடைத்தது.

கடலடித்த ஊர்களுக்கென்று ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஐந்து கம்ப்யூட்டர்களும் கூரையில் வைக்கிற ஒரு டிஷ்ஷும் கொண்டுவந்தது. கரையோரத்தில் கட்டடம் கட்டக் கூடாது என்று அப்போது தடை இருந்தது. கட்டடம் இல்லாமல் கம்ப்யூட்டரை எங்கே வைப்பது? அவை உள்ளே உள்ளே தள்ளிப்போய், கடல் எட்டிக்கூடப் பாராத ஒரு வேளாண்மை ஊருக்குப் போய்ச் சேர்ந்தன. கல்முனையிலிருந்து சொறிக்கல்முனைக்குப் போகும் பக்கத்தில், நாலு புறமும் வயலாக இருந்த சிறிய முஸ்லிம் ஊர் அது. கூட்டுறவுச் சங்கத்தின் பழைய கட்டடத்துக்கு வெள்ளையடித்து எனக்குச் சாவியைக் கொடுத்தார்கள்.

முதல் மாதம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் மாதம் இளந்தாரிகள் மட்டும் வந்தார்கள். வயல்காரர் ஒருவர் கதவடியில் நின்று, "இதால உரம் வருமா மகன்?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்ப நான் போறன்," என்று சைக்கிளை எடுத்தார். நிறுவனமோ விவசாயிகளுக்கு என்ன பிரயோசனம் என்று மாதாமாதம் எழுதி அனுப்பச் சொன்னது. எழுத ஒன்றும் இல்லை. அப்போதுதான் மழையைப் பிடித்தேன். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் இருந்தது. ஏழு நாளைக்கு எங்கள் பகுதியில் வெயிலா மழையா என்று சிறிய படங்களாகக் காட்டும். படம் என்பதால் என் ஆங்கிலம் போதும்.

எங்கள் பக்கத்தில் பள்ளிவாசல் மைக் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதற்கு மட்டும் உள்ளதல்ல. மௌத்து என்கிற சாவுச் செய்தி, காணாமற்போன மாடு, வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள் எல்லாம் அதில்தான் வரும். பாங்கு சொல்கிற அந்த ஊர் மோதினார் கறாரான மனிதர். யார் என்ன செய்தி கொண்டுபோனாலும், மைக்கைத் தொடுவதற்கு முதல் முகத்தை நேரே பார்த்து, "நீ கண்ட தானே?" என்று கேட்பார். கண்டவன் ஓம் என்று சொன்னால்தான் சொல்வார். கேள்விப்பட்டேன் என்றால், "அப்ப கண்டவன வரச் செல்லு," என்று திருப்பி அனுப்பிவிடுவார். மழைச் செய்தியைச் சொல்லச் சம்மதிக்க வைக்க அவரைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கூட்டிவந்து காட்ட வேண்டியிருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, இன்ஷா அல்லாஹ் என்று முன்னால் சேர்த்துச் சொன்னால் சொல்லலாம் என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகை முடிய, மைக்கில் மழைச் செய்தி வந்தது. அந்த மார்கழியில் மூன்று தடவை சொன்னபடியே மழை பெய்தது. ஒரு தடவை சொன்ன நாளில் சொன்னபடியே நின்றது. வயல் வட்டைகளில் அந்தச் சத்தம் வெகுதூரம் போகும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேளாண்மை செய்த தமிழ் ஆட்களும் அஸரானால் வேலையை விட்டுக் காது கொடுப்பதாகச் சொன்னார்கள். தெருவில் போனால், "மழைக்காக்கா வாறார்," என்று இளந்தாரிகள் நையாண்டி செய்வார்கள். காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். எனக்கு அது பிடித்திருந்தது. என் சொல்லை நாலு பேர் கேட்டு நடந்தது அதுவரை என் வாழ்க்கையில் இல்லை.

தை முடிந்து வயல்கள் பழுத்த சமயம் ஒரு கிரிக்கெட் போட்டி வந்தது. கட்டடத்தில் டிவி வைத்துப் பார்க்கலாம் என்று இளந்தாரிகள் கேட்டார்கள். வடக்கே சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த காலம். கூட்டம் கூடினால் இராணுவம் வந்து கேட்கும். ஆனாலும் சரி என்றேன். கூரையில் ஏறி அன்டெனாவைக் கட்டியது வேறு யாரும் இல்லை, நான்தான். கம்புக்கு இடம் போதவில்லை என்று டிஷ்ஷின் ஆணியைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் திருப்பினேன். நாலு விரல் அகலம் இருக்கும். போட்டி நன்றாகத் தெரிந்தது. இன்டர்நெட் போய்விட்டது.

டிஷ்ஷைப் பழைய இடத்துக்குத் திருப்பினேன். வரவில்லை. ஒவ்வொரு நாளும் பகலில் கூரையில் ஏறி அங்கும் இங்கும் அசைத்துப் பார்த்தேன். கொழும்புக்குப் போன் எடுத்தால் பழுதுபார்க்க ஆள் வரும். வருகிறவர் ஏணியில் ஏறியதும் என்ன நடந்தது என்று கண்டுபிடித்துவிடுவார். பிறகு என் வேலை போகும். அதனால் நான் போன் எடுக்கவில்லை.

மேசையில் கடைசியாக அச்செடுத்த தாள் கிடந்தது. அதில் ஏழு நாளுக்கும் வெயில். முதல் நாள் அதைப் பார்த்தே சொல்லிவிட்டேன். மோதினார், "நீ கண்ட தானே?" என்றார். ஓம் என்றேன். தாளில் கண்டது உண்மைதானே என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அப்படி. மூன்றாம் நாள் அவர் கேட்டபோது அவருடைய முகத்தைப் பார்க்காமல் ஓம் என்றேன். வெயிலும் சொல்லிவைத்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் சொறிக்கல்முனையிலிருந்து தமிழர் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். எங்கள் ஊரில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவரின் ஐந்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தவர். வாய்க்காலடியில் வாடி என்கிற காவல் குடிசையில் தங்கியிருப்பதால் அவரைத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டர் கட்டடத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்.

அவர் சொன்னது இதுதான். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். சுவர் எழும்பிவிட்டது, இந்த வெள்ளாமையில்தான் கூரை போட வேண்டும். சித்திரையில் நாள் குறித்திருக்கிறது. அருவி வெட்ட, அதாவது கதிர் அறுக்க, ஆட்கள் வெளியூரிலிருந்து வருகிறார்கள். அவர்கள் இராணுவ முகாமில் பெயர் கொடுத்து நாளைக்கும் மறுநாளைக்கும் அனுமதி எடுத்திருக்கிறார்கள். இதைத் தவறவிட்டால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் போகும், அதற்குள் கதிர் கொட்டிவிடும். வெட்டிய கதிரைப் பிடிபிடியாக, உப்பட்டியாக வயலிலேயே மூன்று நாள் காயவிட்டுத்தான் குவித்துச் சூடு வைக்க முடியும். அந்த மூன்று நாளும் மழை வரக் கூடாது.

"ரேடியோவில மழையாம் எண்டான்," என்றார். "அவன் எந்த நாளும் அதத்தானே சொல்றான். பள்ளியில வெயில் எண்டு சொல்லக் கேட்டன். அதுதான் ஒருக்கா நேர கேப்பமெண்டு வந்த. வெட்டி முடிஞ்சு மூண்டு நாள் தாங்குமா தம்பி?"

தாளில் மிச்சம் இருந்தது இரண்டு நாள். அவருக்குத் தேவையான கடைசி நாட்கள் அதில் இல்லவே இல்லை. லைன் இல்லை அண்ணன், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அவர் திரும்பிப் போய் ரேடியோவைக் கேட்டிருப்பார், அல்லது வானத்தைப் பார்த்திருப்பார். அவர் என் முன்னால் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது திறந்து வரும்வரை இருவரும் காத்திருந்தோம். திரையில் ஒன்றும் இல்லை, வெறும் நீலம். நான் அதைக் கொஞ்சநேரம் வாசிக்கிறவன் போலப் பார்த்தேன்.

"தாங்கும் அண்ணன்," என்றேன். "வெட்டுங்க."

வெட்டினார்கள். இரண்டு நாளில் ஐந்து ஏக்கரும் தரையில் கிடந்தது. மூன்றாம் நாள் பகல் கிழக்கே கறுத்தது. லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை தொடங்கியது. நாலு நாள் விடவில்லை. நான் கட்டடத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன்.

மழை விட்டதும் மோதினார் வந்து கதவைத் தட்டினார். அந்த மனிதரின் வயல் போய்விட்டதாம், வா போய்ப் பார்ப்போம் என்றார். நான் என்னத்துக்கு என்று கேட்டேன். "என்ட வாயால தானே செல்லின," என்றார். "மாப்புக் கேக்க வேணும்."

வரம்பு வழியே போனோம். வயலில் தண்ணீர் நின்றது. அவரும் மனைவியும் மகளும் உப்பட்டிகளைத் தூக்கித் தூக்கி வரம்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் ஒரு பிடியைத் தூக்கியபோது கதிரிலிருந்து வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. நெல் தலைகீழாக முளைத்திருந்தது. அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

மோதினார் வரம்பிலிருந்து சேற்றுக்குள் இறங்கிப் போய் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். தன் சொல்லை நம்பித்தான் இது நடந்தது, மன்னித்து மாப்புத் தர வேண்டும் என்று கேட்டார். அந்த மனிதர் கையை விடுவிக்கப் பார்த்தார். வெட்கப்பட்டது அவர்தான்.

"ஐயோ, நீங்க என்ன காக்கா இப்பிடி," என்றார். "மழை வந்தா நீங்க என்ன செய்ய? பொட்டிக்கு என்ன தெரியும்? தம்பியும் பாத்துத்தானே சொன்னவர். நானும் பக்கத்தில நிண்ட."

நான் வரம்பில் நின்றேன். சேற்றுக்குள் இறங்கவில்லை. இன்டர்நெட் சில நேரம் பிழையாகவும் காட்டும் என்று சொன்னேன். இந்த வசனத்தை நான் சொன்னேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை தயங்குகிறது. ஆனால் சொன்னேன். மோதினாரும் அவரும் மனைவியும் தலையாட்டினார்கள்.

மோதினார் அதன் பிறகு மழைச் செய்தி சொல்லவில்லை. அது மட்டுமல்ல, மௌத்துச் செய்தியைக்கூட மற்ற ஒருவரைச் சொல்லச் சொன்னார். பாங்கு மட்டும் அவர் சொன்னார். ஊரில் காரணம் கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றார். மாத அறிக்கை போகாததால் நிறுவனமே அனுப்பி டிஷ்ஷைப் பார்க்க ஆள் வந்தார், காற்றில் அசைந்திருக்கும் என்று அவரே சொன்னார். என் வேலை போகவில்லை.

சித்திரையில் கலியாணம் நடக்கவில்லை. வைகாசியில் சண்டை முடிந்தது. கல்முனையில் வெடி கொளுத்தினார்கள், கடைகளில் கொடி கட்டச் சொன்னார்கள். சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆவணியில் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அன்றுதான் அவருடைய வாடிக்குப் போனேன். கட்டாருக்கு மறுபடி போக எனக்கு விசா வந்திருந்தது. போகிறவனுக்குத் துணிவு வருவது லேசு.

எல்லாவற்றையும் சொன்னேன். கிரிக்கெட், டிஷ், பழைய தாள், நீலத்திரை. அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அது எனக்கு ஆறுதலாகவும் இருந்திருக்கும். பிடியை இறுக்கி முடித்து, நிலத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"எனக்குச் சொல்லி என்ன? மோதினார் காக்காட்டப் போய்ச் சொல்லு. அந்த மனிசன் இண்டைக்கும் என்னக் கண்டா சைக்கிள விட்டு இறங்கி நிக்குது. அவர் செய்யாத பிழைய அவர் சுமக்கிறார். அத எடுத்துவிட்டுப் போ."

பிறகு என்னைப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் நடந்தார்.

போனேன். அஸர் முடிந்திருந்தது. மோதினார் பள்ளிக்குள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்ன மகன்?" என்று கேட்டார். அவர் என் முகத்தை நேரே பார்த்தார், செய்தி கொண்டுபோகிறவர்களைப் பார்ப்பதுபோல.  சட்டைப் பையில் கம்ப்யூட்டர் கட்டடத்தின் சாவி இருந்தது. அதை எடுத்து நீட்டினேன். கட்டாருக்குப் போகிறேன், அதுதான் சாவியைத் தர வந்தேன் என்றேன்.

அவர் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். நல்லபடியாகப் போய் வர வேண்டும் என்று அங்கேயே கையேந்தி எனக்காக துஆ கேட்டார். சுருக்கமாக இல்லை, நீளமாகக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்று கையேந்தி ஆமீன் சொன்னேன்.