சில்லறைக்கு ஐந்து சதமானம்

எங்கள் ஓட்டலின் கல்லாப்பெட்டியில் ஒரு காலத்தில் அட்டைத் துண்டுகள் கிடந்தன. பழைய காலண்டர் அட்டையைச் சதுரமாக வெட்டி, ஒரு பக்கம் ஓட்டல் முத்திரை குத்தி, மறுபக்கம் ஐந்து, பத்து என்று மையால் எழுதியவை. எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் சில்லறைக்கு அப்படி ஒரு பஞ்சம் வந்திருந்தது. தோசை தின்றவருக்குப் பாக்கி கொடுக்கக் காசு இருக்காது. அட்டையைக் கொடுப்போம், அவர் மறுநாள் அதைக் கொண்டுவந்து சாயா குடிக்கலாம். உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போவார்கள். எங்கள் ஓட்டல் இருந்த சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கெடுக்க வந்த வெளியூர்க்காரர்களிடம் அது செல்லாது. "உங்க அட்டைய எங்க ஊர்ல எவன் எடுப்பான்?" என்று ஒருவர் அதை அப்பாவின் முன்னால் கிழித்துப் போட்டது நினைவிருக்கிறது.

அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். அவரும் அண்ணனும் ஓட்டலைப் பார்த்துக்கொண்டார்கள். மைனி, அதாவது அண்ணனின் மனைவி, பின்கட்டில் சமையலுக்கு மேற்பார்வை. நான் அப்போது கல்லூரியில் பிரீடிகிரி படித்துக்கொண்டிருந்தேன். நாத்தனாரும் மைனியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று உறவுக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மைனி சதா எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். கொதிக்கிற பாலில் ஆடை மேலே மட்டும் ஏன் படிகிறது, மலையாளத்தில் நமக்குத் தெரிந்த பாதி வார்த்தை ஏன் வேறு பொருளில் வருகிறது என்று வெங்காயம் உரித்தபடியே கேட்பாள். பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். அவளுக்கு அப்போதுதான் முகம் மலரும்.

எங்களுக்குச் சில்லறை கொண்டுவந்தவரை எல்லாரும் சில்லறை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கோயில் வாசலில் பிச்சையெடுப்பவர்கள், லாட்டரிச் சீட்டு விற்பவர்கள், பெட்டிக்கடைக்காரர்கள் என்று பலரிடம் காசு சேர்த்து, துணிப்பையில் தோளில் சுமந்து வருவார். பிறந்ததிலிருந்தே சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவர். அவர் பேச்சில் எது தமிழ் எது மலையாளம் என்று பிரிக்க முடியாது; மகள் மோள் ஆகும், சதவீதம் சதமானம் ஆகும். ஐந்து சதவீதம் கமிஷன் என்பது பேச்சு. தொண்ணூற்றைந்து ரூபாய்க்குக் காசை எண்ணி வைத்துவிட்டு நூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு மதியம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தபோது மைனி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணாச்சி வந்து பையை அவிழ்த்தார். காசை எண்ணி முடித்தவள் நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அண்ணாச்சி, நீங்க தாறது தொண்ணூத்தஞ்சு. அதுக்கு அஞ்சு சதமானம்னா நாலே முக்கால்தான் வருது. அஞ்சு எடுக்கியளே?"

"நோட்டு நூறல்லே மோளே? நூறுக்கு அஞ்சு. சரியாச்சே."

"நான் வாங்குகது சில்லறை. அப்பம் சில்லறைக்குத்தானே கமிஷன்."

"ஞான் வாங்குறது நோட்டு" என்றார் அவர்.

இரண்டு பேர் குரலிலும் சண்டை இல்லை. மைனி சிரித்துக்கொண்டே, அப்படியானால் ஒரு நாலணா, அதாவது இருபத்தைந்து பைசா, திருப்பித் தர வேண்டும் என்றாள். அவர் பைக்குள் கைவிட்டார், பிறகு நிறுத்தினார். "அந்த நாலணாவும் சில்லறைதானே. அதுக்கும் கமிஷன் உண்டல்லோ?"

மைனி அசந்துபோனாள். நாலணாவுக்கு ஒன்றேகால் பைசா கமிஷன். அதைக் கழித்தால் அந்த ஒன்றேகால் பைசாவுக்கு வேறு கமிஷன் கழிக்க வேண்டும். இப்படியே போனால் எங்கே நிற்கும்?  அண்ணாச்சி அன்றைக்கு நோட்டை வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டியபடியே இறங்கிப் போனார்.

சாயங்காலம் நான் கல்லூரிக் கணக்கின் மிடுக்கோடு ஒரு தாளை எடுத்தேன். சில்லறையை எக்ஸ் என்று வைத்து பத்தாயிரத்தை நூற்றைந்தால் வகுத்தேன். தொண்ணூற்றைந்து ரூபாய் இருபத்துமூன்று பைசா, அதற்குப் பிறகும் எண்கள் வந்துகொண்டே இருந்தன. நான் நிறுத்தப் பார்த்தேன். மைனி விடவில்லை, பென்சிலை வாங்கி அவளே வகுத்தாள். தாளின் ஓரம் வரை போனபின், "இங்க பாரு, முன்ன போன ஆளுவளே வரிசை மாறாமத் திரும்பி வருகு" என்றாள். தேரோட்டம் பார்க்கிற குழந்தையின் முகம் அது. பிற்பாடு ஓர் அரசாங்கக் கணக்கு ஆபீசில் தலைமுடி நரைக்கும் வரை சதவீதம் போட்டே காலம் தள்ளினேன். ஒரு வகுத்தலைப் பார்த்து யாரும் அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை.

அதன்பின் அண்ணாச்சி வரவில்லை. ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் கூட்டம் பெருகப் பெருக எங்கள் அட்டைகளும் பெருகின. பாக்கிக்காகத் தகராறு நடக்காத நாள் இல்லை. பக்கத்து ஓட்டல்காரரிடம் அண்ணாச்சி போகிறாரோ என்று அண்ணன் எட்டி எட்டிப் பார்த்தான். ஒருநாள் நான் நடந்ததைச் சொல்லும்படி ஆயிற்று. அண்ணன் கொதித்துப்போனான். "நாலணாவுக்கு வழக்குப் பேசி வந்த மனுசன வெரட்டிட்டா" என்று அடுக்களை வாசலில் நின்று கத்தினான். அப்பா கத்தவில்லை. "இனி அவ கல்லாப் பக்கம் வரண்டாம்" என்றார். மைனி மாவைக் கலக்கினாள். அன்று அவள் எதையும் கேட்கவில்லை. வீடு வேறு யாருடையதோ போல இருந்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு காலையில் அண்ணாச்சி வந்து பையைத் தொப்பென்று வைத்தார். அண்ணன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் நின்றான். அவருக்கு எதற்கென்றே புரியவில்லை.

"பிணக்கமா? எனக்கெந்து பிணக்கம்? மலைப்பக்கம் விதுராவுக்குப் போயிருந்தேன். எஸ்டேட்ல போனஸ் போட்ட சமயம், அங்கத்தே கடைகள்ல நல்லா சில்லறை விழும். பஸ்ஸுல இருந்து மோள் சொன்ன கணக்கைத்தான் ஆலோசிச்சேன். இந்தா, நூறு ரூவா சில்லறை. நோட்டு நூத்தஞ்சு தரணும்."

அப்பாவின் முகம் மாறியது. "இம்புட்டு நாளும் நூறு தந்தோம். இன்னைக்கு நூத்தஞ்சா? இது கூட்டிக் கேக்கது இல்லாம வேற என்ன?"

அண்ணாச்சி விளக்கப் பார்த்தார். தொண்ணூற்றைந்தும் நூறும் நூற்றைந்தும் அவர் வாயிலேயே குழம்பின. கடைசியில், "மோளை விளிக்கணும்" என்றார்.  அப்பா என்னைப் பார்த்து அடுக்களைப் பக்கம் தலையசைத்தார்.

மைனி ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். அண்ணாச்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். எக்ஸ், வகுத்தல் என்று எதையும் எடுக்கவில்லை. பையிலிருந்து நாலணாக்களை எடுத்து மேசைமேல் இரண்டு வரிசை அடுக்கினாள். ஒன்றில் பத்தொன்பது, மற்றதில் இருபது. ஒவ்வொரு வரிசைக்கும் சற்றுத் தள்ளி ஒரு நாலணா.

"மாமா, ஒரு நாலணாவ அஞ்சு ரூவான்னு வையுங்க. முன்ன நமக்கு இந்தப் பத்தொம்பது கிடைக்க, அண்ணாச்சிக்கு இந்த ஒண்ணு கூலி. இப்பம் இருவது கிடைக்க அதே ஒண்ணு. எது லாபம்னு நீங்களே பாருங்க."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தானே விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினார். சாப்பிட வந்தவர்களில் இருவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு அப்பா அண்ணாச்சியைப் பார்த்து, "அப்பம் உமக்கில்லா குறையுது?" என்று கேட்டார்.

"கொறச்சு குறையும். அறியாம வரல. தொண்ணூத்தஞ்சா எண்ணிக் கெட்டுறது பெரிய பாடு. நூறுன்னா எளுப்பம்."

அப்பா நூற்றைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மைனி அடுக்களைக்குப் போகத் திரும்பினாள். "எங்க போற? நீயே எண்ணி உள்ள போடு" என்று சொல்லிவிட்டு அப்பா கல்லாவை விட்டு எழுந்தார். அண்ணன் எதிர்ப்புறச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மைனி உட்கார்ந்தாள். அண்ணாச்சிக்குச் சாயா வந்தது. காசை எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி நிமிர்ந்தாள். அவள் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, கமிஷன் நூறு சதமானம்னு வையுங்க. உங்க பழைய கணக்குல எப்படி வரும்?"

அவர் யோசித்தார். "நூறு நோட்டு வாங்கணும். நூறும் கமிஷன். ஒண்ணும் தரண்டாம்."

"இந்தப் புதுக் கணக்குல?"

இதற்கு நேரம் பிடித்தது. சாயா ஆடை கட்டியது. அவர் விரலால் மேசையில் ஏதோ எழுதி அழித்தார். "இருநூறு வாங்கணும். நூறு தரணும்." சொல்லிவிட்டு அவரே திகைத்து, மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். "அப்போ பழைய கணக்கல்லே மோளே எனக்கு நல்லது?"

"ஆமா" என்றாள் மைனி.

அவர் ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். காலிப்பையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இன்னும் சிரித்தபடியே தெருவில் இறங்கினார். அடுத்த தடவையும் நூறாகவே கட்டிக்கொண்டுவந்தார்.